தைக்காட்டு துரையின் பேத்தி

தம்பானூரில் பஸ் ஏறிப் பாளையத்தில் இறங்குகிறவர்கள் யூனிவர்சிட்டி காலேஜைப் பார்க்காமல் போக முடியாது. அந்தக் கல்லூரி என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருபவர் 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளை. அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த அவர் காலமானது 1897-இல். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, வடக்கே தலச்சேரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1932-இல் அந்தப் பெண் இதே கல்லூரிக்குத் தாவரவியல் பேராசிரியையாக வந்து சேர்ந்தார். இடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள் என்பது அவர் பெயர். அப்போது கல்லூரிக்கு மகாராஜா சயன்ஸ் காலேஜ் என்று பெயர்.

பெரிய குடும்பங்களில் இப்படி ஒரு சின்னப் பாட்டி இருப்பார். கல்யாணம் வேண்டாம் என்று நின்றுவிட்டவர். எங்கோ தூரத்தில் உத்தியோகம் பார்த்தவர். விசேஷங்களுக்கு வந்து போனவர். பிள்ளை குட்டி இல்லாததால் அவருடைய கதை உடன்பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில்தான் உயிரோடு இருக்கும். ஜானகி அம்மாளின் கதையும் வெகு காலம் அப்படித்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் வந்த எழுத்தாளர் கீதா டாக்டர் தமக்குத் தெரிந்ததை எழுதி வைத்தார். அம்மையார் மறைந்து ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து, சாவித்திரி ப்ரீதா நாயர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி முழு வாழ்க்கை வரலாறே எழுதிவிட்டார்.

தகப்பனார் திவான் பகதூர் இ.கே. கிருஷ்ணன், சென்னை ராஜதானியில் சப்-ஜட்ஜ். செடி கொடிகளிலும் பறவைகளிலும் ஆசை கொண்டவர். இரண்டு தாரங்களுக்கும் சேர்த்து 19 பிள்ளைகள் என்பது குடும்பக் கணக்கு. இரண்டாம் தாரம் தேவி. அவருடைய மகள்தான் ஜானகி.

இந்த தேவியின் பிறப்பில்தான் திருவனந்தபுரத்துச் சங்கதி இருக்கிறது. அவருடைய தாயார் குஞ்ஞி குறும்பி குறுவாயி என்ற தீயர் குலப் பெண். தந்தை ஜான் சைல்டு ஹானிங்டன் என்ற வெள்ளைக்காரர். தாலி கட்டிய உறவல்ல. இந்த ஹானிங்டன் துரைதான் 1880-களில் திருவிதாங்கூர் ரெசிடென்டாக இருந்தவர். மகாராஜாவுக்கே புத்தி சொல்லும் பதவி! தைக்காட்டில் இன்று அரசு விருந்தினர் மாளிகையாக இருக்கிறதே, அதுதான் அன்றைய ரெசிடென்சி. நம் தமிழர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் சூப்பிரண்டாக வேலை பார்த்ததும் அங்கேதான்.

தலச்சேரியில் வெள்ளைக்காரர் வழி வந்த பெண்கள் கேட்ட ஏச்சு கொஞ்சமல்ல. துரைக்குப் பதவியும் பென்ஷனும். பேச்சு கேட்டது பெண்கள். குஞ்ஞி குறும்பியின் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

கோட்டைக்குள் இடமில்லை

சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது ஜானகிக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. சகோதரிகளெல்லாம் வீட்டார் பார்த்த மாப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு போக, இவர் கப்பல் ஏறினார். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவிலே அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்களாம். நீண்ட கூந்தலையும் பட்டுப் புடவையையும் பார்த்து, "இந்திய ராஜகுமாரியா?" என்று கேட்டார்களாம். தாம் மறுத்துச் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் அம்மையாரே சொல்வார் என்கிறார்கள் வீட்டார். 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அந்தப் பட்டத்தோடுதான் அடுத்த ஆண்டு திருவனந்தபுரம் வந்தார். தாய்வழிப் பாட்டனார் அதிகாரம் செலுத்திய அதே ஊர். ஆனால் பேத்தி எந்தக் குலமென்று ஊர் பார்த்தது பாட்டி வழியாகத்தான். பேராசிரியை நாற்காலியில் உட்காரலாம். கோட்டைக்குள்ளே பத்மநாபசுவாமி கோயிலில் காலெடுத்து வைக்க முடியாது. தீயர், ஈழவர் உள்ளிட்டோருக்குத் திருவிதாங்கூர்க் கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1934-இல், அவர் இந்த ஊரை விட்டுப் போய்விட்டார். ஒரு தலைமுறைக்கு முன்னால் பேட்டையில் பிறந்த டாக்டர் பல்பு, சென்னையில் வைத்தியம் படித்து வந்தும் ஈழவர் என்பதால் இங்கே வேலை கிடைக்காமல் மைசூருக்குப் போனார். ஜானகி அம்மாளுக்கு வேலையாவது கிடைத்தது.

கரும்பும் குண்டு மழையும்

அடுத்தது கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையம். கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பார்த்த துணிச்சல் அவருடையது. இந்தியச் சர்க்கரைக்கு இனிப்பு ஏற்றியவரே அவர்தான் என்று எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் அந்த வேலையை முன்பே தொடங்கிப் பெயர் வாங்கியிருந்தார்கள். அம்மையார் செய்தது, கரும்புக்கும் அதன் உறவுப் புல்லினங்களுக்கும் உள்ள பந்தத்தைக் குரோமோசோம்களை எண்ணிக் கண்டது. அதுவே பெரிய காரியம். கூட்டிச் சொல்லத் தேவையில்லை. பத்மஸ்ரீ கிடைத்த ஆண்டையும் பலர் 1957 என்றே எழுதுகிறார்கள். கிடைத்தது 1977-இல், 80 வயதை நெருங்கும்போது.

தனியாக வாழும் பெண், அதிலும் தாழ்த்தி வைக்கப்பட்ட குலம். கோவையில் ஆண்கள் நடுவே அவர் நிம்மதியாக இருந்ததாகத் தெரியவில்லை. 1939-இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனார். யுத்தம் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். புடவை மடிப்பில் ஒளித்து ஓர் அணிலை லண்டனுக்குக் கொண்டுபோனாராம். அதற்கு 'கபோக்' என்று பெயராம். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாராம். விடிந்ததும் உடைந்த கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வாராம். அந்த நாட்களின் உழைப்பில் விளைந்ததுதான் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்ட குரோமோசோம் அட்லஸ். பயிர்த் தாவரங்களை ஆராய்கிறவர்கள் கையில் வைத்திருந்த நூல் அது.

1951-இல் நேரு அழைத்ததன் பேரில் நாடு திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகும் ஓயவில்லை. பாலக்காடு ஜில்லா சைலன்ட் வேலியில் குந்திப்புழைக்குக் குறுக்கே அணை கட்டக் கிளம்பியபோது, 80 வயதில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். நின்று கத்தியதோடு விடவில்லை. மூழ்கப் போகும் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் இறங்கினார்.

கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில், பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார். பளிச்சென்ற மஞ்சள் பட்டு, அதே நிறத்தில் தொளதொளவென்று ரவிக்கை; பார்ப்பவர்களுக்குப் பௌத்தத் துறவி போல இருக்குமாம். வீடு நிறையப் பூனைகள். குட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று நிறத்திலும் குணத்திலும் என்ன வித்தியாசம் என்று பார்த்துக் கொண்டிருப்பார்.

1984 பிப்ரவரி 7-ஆம் தேதி காலமானார். அந்த நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2018-இல் கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன் தம்பதியர் புது ரகம் ஒன்றை உருவாக்கி, அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பூவும் மஞ்சள்தான்.