உங்களுக்குத் தெரியுமா? குதிக்காத பிரான்சினா!

நத்தாருக்கு வெயில் காய இறக்கக்கண்டிக்கு வந்தால் குடையோடு வாருங்கள். மார்கழியில் இங்கே வாடையும் மழையும்தான். களப்பு முகத்தில் கடல் குமுறும். அது அடங்கித் தெளியச் சித்திரை பிறக்க வேண்டும்.

தெற்கே திருக்கோணமலையில், கோணேசர் கோயிலருகே தேய்ந்த எழுத்துகளோடு ஒரு கல்தூண் நிற்கிறது. அதிலுள்ள தேதியும் சித்திரைதான்: 1687 ஏப்ரல் 24. பெயர், பிரான்சினா வான் ரீட். காதலன் கைவிட்டுக் கப்பலேற, இந்த ஒல்லாந்துப் பெண் கோயிலிருக்கும் சுவாமிமலை உச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. ஒல்லாந்தர் ஆவணங்களோ, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் திருமணம் செய்ததாகச் சொல்கின்றன! மலைக்கு வருகிறவர்களுக்கு ஏனோ குதித்த பிரான்சினாவைத்தான் பிடிக்கிறது.