சொல்லின்றிப் பேசும் பொத்தான்கள்

இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியைச் சூழ்ந்த தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள குழந்தை வீட்டில் தமிழையும், கடைத்தெருவில் மலையாளத்தையும், கணிப்பொறித் திரையில் பெரும்பாலும் ஆங்கிலத்தையும் காண்கிறது. எழுத்துப் புரியாதவிடத்து அதற்குக் கைகொடுப்பது பொத்தானின் மேலுள்ள சிறு படமே ஆகும்.

கேரளப் பள்ளிகளில் 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில், மாணவர் 'ஸ்கிராட்ச்' என்னும் மென்பொருளைக் கொண்டு சிறு ஆட்டங்களை ஆக்கப் பழகுகின்றனர். ஆட்டத்திற்குரிய மதில், ஏணி, குழி முதலியவற்றைத் திரையில் வைத்துக் களம் சமைப்பதற்கெனத் தனி மென்பொருள்களும் உள்ளன. 1983இல் வெளிவந்த 'லோடு ரன்னர்' ஆட்டம், 150 களங்களோடு, ஆடுவோர் தாமே புதுக்களம் அமைக்கும் வசதியையும் அளித்தது.

இத்தகைய மென்பொருளில் பொத்தான் படம் பிழைபட்டால் நேரும் இழப்புச் சிறிதன்று. ஓரிடத்தை அழிக்கும் பொத்தானும், களம் முழுவதையும் நிரப்பும் பொத்தானும் ஒத்த தோற்றம் உடையனவாயின், மாணவனின் ஒரு பிற்பகல் உழைப்பு நொடியில் மறைந்துவிடும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியன. முதலாவது, படம் கைப்பழக்கமுள்ள பொருளைக் காட்டவேண்டும். 1984இல் வெளியான மெக்கிண்டாஷ் கணிப்பொறிக்காகச் சூசன் கேர் என்னும் ஓவியர், வரைபடத்தாளில் 32க்கு 32 கட்டங்களை நிரப்பிப் படங்கள் வரைந்தார். அதன் ஓவிய மென்பொருளில் எழுதுகோல், அழிப்பான், வண்ண வாளி ஆகியவை இடம்பெற்றன. இரண்டாவது, நிறத்தை மட்டும் நம்பலாகாது; சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காணாதார் உளர். ஸ்கிராட்ச்சில் ஆட்டத்தைத் தொடங்குவது பச்சைக் கொடி. நிறுத்துவது சிவப்பு எண்கோணம். நிறம் தெரியாவிடினும் வடிவம் உணர்த்தும். மூன்றாவது, அடிக்கடி வேண்டும் பொத்தான் பெரிதாகவும் அருகிலும் இருத்தல் வேண்டும். இலக்குச் சிறிதாகவும் தொலைவிலும் இருப்பின் கை அதனை அடையும் நேரம் மிகும் என்பதைப் பால் ஃபிட்ஸ் 1954இல் அளந்து காட்டினார். நான்காவது, செய்ததை மீட்கும் பொத்தான் என்றும் கண்ணெதிரே இருக்கவேண்டும்.

படத்தால் பொருளுணர்த்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1951-52ஆம் ஆண்டுகளின் முதற் பொதுத்தேர்தலில், எழுத்தறியா மக்கள் பெட்டிமேலிருந்த சின்னத்தைக் கண்டே வாக்களித்தனர்.

ஆசிரியர் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. மாணவர் வரைந்த படத்தைப் பெயர் கூறாது வேறொரு வகுப்புக் குழந்தைகளிடம் காட்டி, "இதனை அழுத்தினால் என்ன நிகழும்?" என வினவலாம். விடைகள் பலவாறாக வருமாயின், திருத்தவேண்டியது படமே, குழந்தையன்று.