மண்ணின் உயிரைப் பேணும் தோட்டம்

2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் ராணுவத் தலங்களுள் ஒன்றாக இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர், மதில்களின் கம்பீரத்தையும் கல்யாண மகாலின் அழகையும் வியந்து திரும்புகிறார்கள். வீட்டுக் கொல்லையில் நான்கு கத்தரிச் செடி வளர்க்க ஆசைப்படும் ஒருவர் அங்கே ஊன்றி நோக்க வேண்டியவையோ, அடிவாரத்துச் செட்டிக்குளமும் சக்கரக்குளமும், விசாலமான நெற்களஞ்சியங்களுமே ஆகும். வெயில் ஏற ஏறக் கொதிக்கும் கருங்கற் பாறைகளுக்கு நடுவே, பெய்த மழையை வீணே ஓடவிடாமல் தேக்கியும், விளைந்ததைச் சிதறவிடாமல் சேமித்தும் வைத்த இத்தகைய ஏற்பாடுகளுக்கு, 1690 முதல் 1698 வரை நீடித்த மொகலாயர் முற்றுகையைக் கோட்டை தாங்கி நின்றதில் பங்கு உண்டு. தனக்கு வேண்டியதைத் தன் எல்லைக்குள்ளேயே பேணிக்கொள்ளும் அந்த முறையே இயற்கைத் தோட்டத்துக்கும் ஆதாரமாகும்.

யூரியாவையும் பூச்சிமருந்தையும் நிறுத்திவிட்டு, பச்சை இலைப் படம் அச்சிட்ட பையில் வரும் உரத்தைக் கடையில் வாங்கிப் போட்டால் அது இயற்கைத் தோட்டமாகிவிடும் என்ற அபிப்பிராயம் இன்று ஜனங்களிடையே பரவியிருக்கிறது. சந்தையில் விற்கப்படும் இயற்கை உணவுக்கு 2017ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. சான்று பெற்ற பொருளின் மேலுறையில் அதற்கான முத்திரையும் காணலாம். நம் வீட்டுத் தேவைக்கு மட்டும் விளையும் தோட்டத்துக்கு எந்த முத்திரையும் வேண்டியதில்லை; அதன் தரத்தைச் சொல்ல வேண்டியது அதன் மண்தான்.

ஒரு பிடி நல்ல மண்ணில் கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. இலைதழைகளை மக்கச் செய்து, செடி உறிஞ்சத்தக்க சத்தாக மாற்றித் தருபவை அவையே. 1905ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, நம் குடியானவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டு, செடிக்கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் பரப்பிக் கிளறி மக்கச் செய்யும் ‘இந்தூர் முறை’யை 1931ஆம் ஆண்டில் உலகுக்கு விவரித்தார். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய நம்மாழ்வார், மழையை நம்பிய மானாவாரி நிலத்துக்கு விலைகொடுத்து வாங்கும் இடுபொருள்கள் பொருந்தாமை கண்டு அப்பதவியைத் துறந்து, 2013இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று வற்புறுத்தியதும் இதே தத்துவத்தைத்தான்.

செஞ்சி வட்டாரத்தில் இவ்வாறு எருவாக்க வேண்டிய பொருள் வீட்டைச் சுற்றியே கிடக்கிறது. கொல்லையின் நிழலான மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, காய்கறித் தோல் ஒரு அடுக்கு, அதன்மேல் சாணக்கரைசலும் ஒரு கூடை மண்ணும் என்று நிரப்பி, பிழிந்த துணியிலுள்ள அளவு ஈரம் போகாமல் காத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவந்தால், சில மாதங்களில் துர்நாற்றம் சிறிதுமின்றி, மழை நனைத்த மண்ணின் வாசனையோடு கறுத்த எரு கிடைக்கும். மணிலாக்கொட்டை விளையும் ஊரில் அதன் தோலைச் செடியடியில் மூடாக்காகப் பரப்பினால், சித்திரை வெயிலிலும் ஈரம் சட்டென்று வறண்டுவிடாது. வாசலில் கூட்டிய சருகை எரிப்பது, மண்ணுக்குச் சேரவேண்டிய ஆகாரத்தைப் புகையாக்குவதேயன்றி வேறல்ல.

பூச்சிகளின் விஷயத்திலும் அவசரம் ஆகாது. அவரைக் கொடியின் நுனியில் அசுவினி கருமையாக அப்பியிருப்பதைக் கண்டவுடன் மருந்தைத் தேடாமல் கூர்ந்து பார்த்தால், அவற்றின் நடுவே பொறிவண்டின் புழுக்கள் அந்த அசுவினிகளையே தின்றுகொண்டிருப்பதைக் காணலாம். மருந்து தெளித்தால் முதலில் மாள்வது அந்தத் துணைவன்தான். தாக்குதல் மிஞ்சினால், ஐம்பது கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளிக்கலாம். வேம்பின் சாரம் வெயிலில் விரைவில் சிதைந்துவிடுமாதலால் மாலையே உகந்தது. இயற்கையில் தோன்றியது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதையும் மறக்கலாகாது. புகையிலைக் கஷாயத்திலுள்ள நிகோடின் தேனீக்கும் மனிதனுக்கும் கொடிய விஷம். நோய்க்கென அடிக்கும் தாமிரக் கலவையோ ஆண்டுதோறும் மண்ணில் தங்கிச் சேர்ந்துவிடும்.

தோட்டம் நஞ்சற்றதாயிருந்தும் சுற்றுப்புறத்துக்குப் பாரமாக இருக்கக்கூடும். ஆழ்குழாய்த் தண்ணீரை அளவின்றி இறைத்து, தொலைதூரத்திலிருந்து பிளாஸ்டிக் பைகளில் உரத்தையும் கலவையையும் தருவித்து, ஆண்டுதோறும் புதிய விதை வாங்கி நடத்தும் தோட்டம், பெயரளவில் மட்டுமே இயற்கையைச் சார்ந்தது. செஞ்சி அடங்கிய இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டு ஆரோவில் என்னும் ஊர் தோன்றியபோது, அங்கிருந்த செம்மண் மேடு மழையால் அரிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்தது. வரப்பெடுத்து மழைநீரை நிலத்திலேயே நிறுத்தியதும் மரங்களை நட்டுப் பேணியதுமே அதை வனமாக்கின. பாத்திரம் கழுவிய நீரை வாழைக்குத் திருப்புவதும், முற்றிய வெண்டையிலிருந்து விதை எடுத்துச் சாம்பலில் பிசறி வைப்பதும் அதே காரியத்தின் சிறிய வடிவங்கள்.

இவ்வழியில் பலன் மெதுவாகவே வரும்; முதலாண்டு விளைச்சல் குறைந்தாலும் மனம் தளரலாகாது. ஒவ்வோர் ஆண்டும் வெளியிலிருந்து வாங்கியது குறைந்ததா, கொத்தும்போது மண் முன்னிலும் பொலபொலப்பாக இருக்கிறதா, தேனீயும் தட்டானும் மண்புழுவும் பெருகினவா என்று தோட்டக்காரர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளட்டும். அவற்றுக்கு ஆம் என்று பதில் சொல்ல முடிந்தால், பறித்த காய் ஒரு கூடையாயினும் ஒரு கைப்பிடியாயினும் அவர் செய்வது இயற்கைத் தோட்டமே.