தேனிலவுக்கு ஒரு ஒர்க் ஷீட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், பிள்ளைகள் கேம் விளையாடுகிறார்கள். வீட்டுக்கு உருப்படியாக இதில் என்ன செய்யலாம்?" வரவு செலவுக் கணக்கு எழுதலாம் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். எனவே இந்த முறை வேறொரு வேலையைச் சொல்கிறேன். ஒரு ரயில் பயணத்தைக் கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி? உதாரணத்திற்கு என்னுடைய தேனிலவுப் பயணத்தையே எடுத்துக் கொள்வோம். இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் செய்யக் கூடாத தவறு. நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இத்தாலியா, ஆரியங்காவா?

எனக்குச் சொந்த ஊர் தென்காசி; வேலை சென்னையில். சென்ற ஆண்டு ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் திருமணம் என்று நிச்சயமானது. பெண் தூத்துக்குடி, பள்ளி ஆசிரியை. ரயில் பயணம் என்றால் அவளுக்கு உயிர். தேனிலவு பற்றிப் பேச்சு வந்தபோது, "இத்தாலியில ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் மூணையும் ரயில்லயே பார்த்துடலாமாம்" என்றாள்.

நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். அதிவேக வண்டியில் ரோமிலிருந்து பிளாரன்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். ஆனால் ஷெங்கன் விசா, விமானக் கட்டணம், எனக்குக் கிடைத்த எட்டு நாள் விடுப்பு என்று மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்ததும் என் முகம் வாடிவிட்டது. திருமணச் செலவுக்கே அப்பா தன் சேமிப்பில் கை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இத்தாலி எங்கேயும் ஓடிப் போகாது. உங்க ஊர்ப்பக்கமே குகைக்குள்ள ஒரு ரயில் போகுதே, அதுல போகலாம்" என்றாள்.

அவள் சொன்னது செங்கோட்டை – கொல்லம் பாதை. 1904-ல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக செங்கோட்டை – புனலூர் பகுதி 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. 2018 ஜூனில்தான் மறுபடி முழுப் பாதையும் திறக்கப்பட்டது. பகவதிபுரத்தைத் தாண்டியதும் மலையைக் குடைந்த நீண்ட குகை. வெளியே வந்தால் ஆரியங்காவு, கேரளம். அதன் பிறகு கழுதுருட்டிக்குப் பக்கத்தில் கருங்கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலம். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை சுமார் 49 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதை என்பதால் வண்டி மெதுவாகவே போகும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு இதை விட வேறென்ன வேண்டும்?

ஒர்க் ஷீட் தயாரிப்போம்

திட்டம் இதுதான். ஞாயிறு திருமணம், மாலையில் வரவேற்பு. இரவே பாலருவி எக்ஸ்பிரஸில் தென்காசியிலிருந்து கொல்லம். விடியற்காலையில் அங்கே இறங்கி, வேறு வண்டியில் ஆலப்புழை. திங்கள் நண்பகல் 12 மணிக்குப் படகு வீடு. படகு வீட்டுக்கு முன்பணமும் கட்டியாயிற்று.

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை அடியுங்கள்: எங்கிருந்து, எங்கே, வண்டி, புறப்படும் நேரம், சேரும் நேரம், காத்திருக்கும் நேரம், கட்டணம், பி.என்.ஆர். எண். ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு வரி. மண்டபத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போவதற்கும் ஒரு வரி உண்டு. இதைப் பலர் விட்டு விடுவார்கள்.

இதில் முக்கியமானது காத்திருக்கும் நேரம் என்ற கட்டம். இதை நீங்கள் கணக்கிட வேண்டாம். எக்ஸெல் பார்த்துக் கொள்ளும். அந்தச் செல்லில் சமக்குறி போடுங்கள். இந்த வரியில் வண்டி புறப்படும் நேரம் உள்ள செல்லைக் க்ளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போட்டு, முந்தைய வரியில் சேரும் நேரம் உள்ள செல்லைக் க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு வண்டியை விட்டு இறங்கி அடுத்ததில் ஏற எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது வந்துவிடும்.

கம்ப்யூட்டர் எச்சரித்தது, நான் கேட்கவில்லை

மண்டபத்திலிருந்து ஸ்டேஷன் சேரும் நேரம் 23:30 என்று அடித்தேன். அன்றைய அட்டவணைப்படி பாலருவி தென்காசியிலிருந்து புறப்படும் நேரம் 0:50. காத்திருக்கும் நேரம் 1:20 என்று வர வேண்டும். வரவில்லை. செல் முழுவதும் ##### என்று வேலி போட்டது போல் குறிகள்!

புதிதாக எக்ஸெல் பழகுகிறவர்களுக்கு இந்த வேலி அடிக்கடி வரும். செல்லின் அகலம் போதவில்லை என்பது வழக்கமான காரணம். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலத்தை இழுத்து அகலமாக்கினேன். வேலியும் சேர்ந்து அகலமாயிற்று. ஆபீசில் அன்று அவசர வேலை. பார்முலாவை அழித்துவிட்டு, 1:20 என்று கையாலேயே அடித்துவிட்டேன். வாய் திறந்து எச்சரித்த கம்ப்யூட்டரை வாயை மூடச் சொல்லிவிட்டேன் என்று அப்போது தெரியவில்லை.

பிறகு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திற்குப் போனேன். 2024 நவம்பர் 1 முதல், பயணத்திற்கு 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. நாள் தப்பாமல் உட்கார்ந்து, தென்காசியிலிருந்து கொல்லத்திற்கு, ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு, இரண்டு பெர்த் வாங்கினேன். இரண்டும் உறுதியான டிக்கெட். பெருமையோடு ஒர்க் ஷீட்டை அவளுக்கும் அனுப்பி வைத்தேன்.

திருமணத்திற்கு ஆறு நாள் இருக்கும்போது அவளிடமிருந்து போன்.

"என்னங்க, பாலருவி எங்க ஊர்ல ராத்திரி பத்து மணிவாக்குல கிளம்புற வண்டி. உங்க ஊருக்கு வரும்போது மறுநாள் ஆயிடுமே? டிக்கெட்ல ஞாயித்துக்கிழமைன்னு இருக்கு."

"ஆமா, கல்யாணத்தன்னைக்கு ராத்திரிதானே?"

"ஞாயித்துக்கிழமை 0:50-ன்னா, அது சனிக்கிழமை ராத்திரிங்க."

எனக்குப் பேச்சே வரவில்லை. அவள் சொன்னது முற்றிலும் சரி. நாம் ஏறும் ஸ்டேஷனில் வண்டி புறப்படும் தேதியைத்தான் அந்தத் தளத்தில் போட வேண்டும். நள்ளிரவு 12 தாண்டிவிட்டால் தேதி மாறிவிடும். நான் வாங்கிய டிக்கெட்டின்படி, மாப்பிள்ளை அழைப்பு முடிந்து நான் மண்டபத்தில் தூங்கிக் கொண்டிருக்கும் நேரத்தில் எங்கள் இரண்டு பெர்த்தும் காலியாகக் குகையைக் கடந்து போயிருக்கும். மறுநாள் இரவு, தாலி கட்டிய பெண்ணோடும் பெட்டிகளோடும் பிளாட்பாரத்தில் நின்று, முந்தின நாளே போய்விட்ட வண்டியின் டிக்கெட்டை நீட்டியிருப்பேன்!

வேலிக்கு என்ன அர்த்தம்?

எக்ஸெல் ஒரு நாளை 1 என்ற எண்ணாக வைத்துக் கொள்கிறது. நண்பகல் 12 மணி என்றால் 0.5, காலை 6 மணி என்றால் 0.25. தேதி போடாமல் நேரத்தை மட்டும் அடித்தால் 23:30 என்பது ஒன்றுக்குச் சற்றுக் குறைந்த எண்; 0:50 என்பது மிகச் சிறிய எண். சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தால் மைனஸ் வரும். மைனஸ் நேரத்தைக் காட்ட எக்ஸெலுக்குத் தெரியாது. அதனால்தான் வேலி. "ஏறுவதற்கு முன்பே வண்டி போய்விட்டதே!" என்பதுதான் அதன் பொருள்.

இதற்குத் தீர்வு மிகச் சுலபம்.

1. நேரத்தை மட்டும் அடிக்காதீர்கள். தேதி, ஒரு இடைவெளி, நேரம் என மூன்றையும் ஒரே செல்லில் அடியுங்கள். நள்ளிரவு தாண்டினாலும் கழித்தல் சரியாக வரும்.

2. புதிய கம்ப்யூட்டர்களில் பல நேரம் அமெரிக்க முறை அமைந்திருக்கும். அதில் 5-9 என்று அடித்தால் செப்டம்பர் 5 ஆகாது. மே 9 ஆகிவிடும். எனவே மாதத்தை எண்ணாகப் போடாமல் அதன் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை அடியுங்கள்.

3. காத்திருக்கும் நேரம் 24 மணிக்கு மேல் போனால் எக்ஸெல் முழு நாட்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் காட்டும். பார்மட் செல்ஸ் பகுதியில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுங்கள். முழு மணிகளும் தெரியும்.

4. எந்தச் சூழ்நிலையிலும் பார்முலாவை அழித்துவிட்டு விடையைக் கையால் அடிக்காதீர்கள். என்னைப் பாருங்கள்!

தவறு செய்த நன்மை

பழைய டிக்கெட்டை ரத்து செய்தேன். ரத்துக் கட்டணம் போக மீதிப் பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. சரியான தேதிக்குத் தேடினால் வெயிட்டிங் லிஸ்ட். தத்கால் முயலலாமா என்று யோசித்தேன். 2025 ஜூலை 1 முதல் ஆதார் இணைத்த கணக்குகளில்தான் இணையத்தில் தத்கால் எடுக்க முடியும், ஏ.சி. வகுப்புகளுக்கு முந்தைய நாள் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. திருமணத்துக்கு முந்தைய நாள் காலையில் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் வீட்டில் விடுவார்களா?

அப்போது அவளே கேட்டாள். "ராத்திரி வண்டியில போனா குகையும் தெரியாது, பாலமும் தெரியாது. இருட்டுல எதைப் பார்க்கப் போறோம்?"

நியாயமான கேள்வி. நேரமும் கட்டணமும் மட்டுமே இருந்த என் ஒர்க் ஷீட்டில், எதற்காகப் போகிறோம் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. உடனே "எதைப் பார்க்க" என்று ஒரு காலம் சேர்த்தேன். பகல் வண்டி தேடினோம். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் தென்காசிக்கு வருகிறது. இருட்டுவதற்கு முன்பே மலையைக் கடந்துவிடுகிறது. திங்கட்கிழமைக்கு இரண்டு இடம் கிடைத்தது. இரவு கொல்லத்தில் தங்கல், செவ்வாய் காலை ஆலப்புழை. படகு வீட்டுக்காரரிடம் போனில் பேசினேன். ஒரு நாள் தள்ளி வைக்க ஒப்புக்கொண்டார். அம்மாவுக்குத்தான் அதிக மகிழ்ச்சி. "கழுத்துல போட்ட மாலை வாடுறதுக்குள்ள புறப்படணுமான்னு நானே கேட்கணும்னு இருந்தேன்" என்றார்.

கூடுதலாகக் கிடைத்த திங்கள் காலையில் குற்றாலம் போனோம். ஆவணியிலும் சாரல் விடவில்லை. பேரருவியில் குளித்து, குற்றாலநாதரைத் தரிசித்து, சித்திர சபையைப் பார்த்துவிட்டு மதியம் ஸ்டேஷனுக்கு வந்தோம். குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே கூச்சல். அவர்களோடு என் மனைவியும்! பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி வளைந்து ஊர்ந்தபோது அவள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

உங்கள் பயணத்திற்குச் சில குறிப்புகள்

இரண்டு வண்டி மாறிப் போவதாக இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி.யில் இரண்டு பி.என்.ஆர்.களையும் இணைத்துக் கொள்ளலாம். இந்த வசதி 2019 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்கு விதிகளுக்கு உட்பட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும். ரயில் நேரங்கள் மாறக் கூடியவை. புறப்படும் முன் மறுபடி சரி பாருங்கள். ஒர்க் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். மலைக்குள் மொபைல் சிக்னலை நம்ப முடியாது.

வெளிநாட்டுப் பயணத்திற்கும் இதே ஒர்க் ஷீட் போதும். நம் ஊரிலிருந்து பல விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. தேதித் தவறு அங்கே நடந்தால் நஷ்டம் பல மடங்கு. இத்தாலி நேரம் நம்மை விடக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. அங்கே உள்ளூர் வண்டிகளுக்கு ஸ்டேஷனில் வாங்கும் காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் அங்குள்ள இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பெற வேண்டும், மறந்தால் அபராதம். இவற்றையும் ஒரு காலத்தில் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் கம்ப்யூட்டரில் "இத்தாலி" என்று ஒரு புதிய பைல் இருக்கிறது. இன்னும் தேதி முடிவாகவில்லை. மாதா மாதம் சேமிப்புத் தொகை மட்டும் ஏறிக் கொண்டிருக்கிறது. அந்த பைலில் பார்முலா எல்லாம் என் மனைவிதான் போடுகிறாள். நான் தொடுவதில்லை.

நீங்களும் இன்றே ஒரு சிறிய பயணத்திற்கு ஒர்க் ஷீட் போட்டுப் பழகுங்கள். வேலி வந்தால் மட்டும், காலத்தை இழுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்!