"புலி பார்த்தியாடா?"

லீவு முடிந்து வந்ததும் வகுப்பில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். முதுமலைக்குப் போனேன், ஆனால் புலியைப் பார்க்கவில்லை என்றேன். "அப்போ காசு வேஸ்ட்!" என்று ஒரே சிரிப்பு. நண்பர்களே, வேஸ்ட் இல்லை. கொஞ்சம் கேளுங்கள்.

முதுமலை நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. புலிக்கு மாநில எல்லையெல்லாம் ஏது? மூன்று காட்டிலும் போய் வரும். சஃபாரி என்றால் தெப்பக்காட்டில் டிக்கெட் வாங்கி, வனத்துறை வண்டியில்தான் போகணும். நடுவில் இறங்கக் கூடாது.

புலி தனியாகத் திரியும் பிராணி. இரவிலும் விடியலிலும்தான் அதிகம் நடமாடும். அத்தனை பளிச்சென்ற நிறம் இருந்தும் அதனால் ஒளிந்துகொள்ள முடிகிறது. எப்படி? மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் பச்சை இலை மாதிரிதான் தெரியும்! அதோடு கோடுகளும் புல்லின் நிழலோடு கலந்துவிடும்.

ஆனால் புலி வந்தால் காடே சொல்லிக் கொடுத்துவிடும். மரத்தின் மேலிருந்து மந்தி இருமுவது போலக் கத்தும். கீழே புள்ளிமான் வாலைத் தூக்கி, காலால் தரையைத் தட்டி, கூர்மையாகக் குரல் கொடுக்கும். நாங்கள் போனபோது இந்த மான் குரல் கேட்டது. டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, "பேசாதீங்க தம்பி" என்றார். அந்த நேரம் பார்த்து என் மாமா பையன், "புலி! புலி!" என்று கத்திவிட்டான். (அவன் காட்டியது ஒரு காய்ந்த கட்டை.) மான் கூட்டம் சிதறி ஓடியது. பத்து நிமிஷம் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. புலியோ சிறுத்தையோ, பக்கத்தில்தான் இருந்திருக்கும் என்றார் அண்ணன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புலி கண்ணில் படாதது வேறு, புலியே இல்லாமல் போவது வேறு. ராஜஸ்தானில் சரிஸ்கா என்று ஒரு காப்பகம். 2005-ல் தேடினால் அங்கே ஒரு புலிகூட இல்லை! கள்ள வேட்டைக்காரர்கள் வேலை. 2008-ல் ரந்தம்பூரிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விடவேண்டியதாகிவிட்டது.

அப்படியென்றால் எண்ணுவது எப்படி? மரத்தில் தானியங்கி கேமரா கட்டிவைக்கிறார்கள். நம் கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் கோடுகள் வேறு வேறு. படத்தை வைத்தே இது எந்தப் புலி என்று சொல்லிவிடலாம். நாடு முழுவதும் 2006 கணக்கில் 1,411 புலிகள். 2022 கணக்கில் சுமார் 3,682.

அடுத்த லீவுக்குப் போகிறவர்கள் பளபளக்கும் சட்டை வேண்டாம். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். கோடையில் காட்டுத்தீ பயம் இருந்தால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். என் மாமா பையனை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்!