ராணுவத்தில் வசவும் சட்டமும்

லக்ஷ்மிபாய் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தில் சட்டக் கோப்புகளோடு பல வருடம் உத்தியோகம் பார்த்தவன் என்பதால், அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மேலே இருப்பவர் பையனைத் தாயைச் சொல்லித் திட்டுகிறாராம். சார், இதற்குச் சட்டமே கிடையாதா?"

இருக்கிறது. ஆனால் கீழிருந்து மேலே போகும் வசவுக்கு ஒரு மாதிரியும், மேலிருந்து கீழே வரும் வசவுக்கு வேறு மாதிரியும் இருக்கிறது.

1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, மேலதிகாரியைத் தாக்குவது, மிரட்டிப் பேசுவது, மரியாதையின்றி எதிர்த்துப் பேசுவது ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் 10 வருடம், அதிகாரி கடமையில் இருக்கும்போது நடந்தால் 14 வருடம் வரை சிறை. வெறும் எதிர்ப்பேச்சுக்கு 5 வருடத்துக்கு மேல் கிடையாது.

கீழே இருப்பவனைத் திட்டுவதற்கு இப்படித் தெளிவான பிரிவு இல்லை. 47ஆவது பிரிவு, தனக்குக் கீழ்ப்பட்டவனை அடிப்பதையும் வேறு விதத்தில் கொடுமைப்படுத்துவதையும் குற்றமாக்கி, 7 வருடம் வரை தண்டனை சொல்கிறது. வசவு அதற்குள் அடங்குமா என்பது விசாரிப்பவரைப் பொறுத்தது. இல்லையேல் ஒழுங்குக்குப் பங்கம் என்று 63ஆவது பிரிவு. மதத்தை வேண்டுமென்றே இழித்துப் பேசினால் 64ஆவது பிரிவு நேராகவே பிடிக்கும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரைப் பலர் முன்னால் இழிவுபடுத்தினால் 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. கடற்படைக்கான 1957ஆம் வருடச் சட்டமோ, சண்டை மூளும்படி சீண்டிப் பேசுவதையே குற்றம் என்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இடையில் ஒரு வார்த்தை. டில்லி பஸ்ஸில் "மதராசி" என்று யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கமோ "வீர மதராசி" என்றுதான் தொடங்குகிறது! வசவு சொல்லில் மட்டும் இல்லை, சொல்லும் வாயிலும் இருக்கிறது. பயிற்சி மைதானத்தில் ஹவில்தார் போடும் கூச்சலையும், பெற்றவளை இழுக்கும் பேச்சையும் ஒன்றாக எண்ண வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

நடைமுறையில் கோர்ட் மார்ஷல் வரை போவது குறைவு. ஜவான் மீது குற்றச்சாட்டு என்றால் கமாண்டிங் ஆபீசர் அவனை நேரில் நிறுத்தி விசாரிப்பார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அவனுக்கு உரிமை உண்டு. 80ஆவது பிரிவின்படி 28 நாள் வரை காவலில் வைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

பாதிக்கப்பட்டவனே ஜவான் என்றால் 26ஆவது பிரிவு. தன் கம்பெனிக் கமாண்டரிடம் புகார் செய்ய வேண்டும். அவர் மேலேயே புகார் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். வாங்கியவர் இயன்றவரை முழுமையாக விசாரித்தாக வேண்டும். இந்தப் படிகளைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ரஞ்சித் தாகூர் வழக்கு ஒன்று போதும். சிக்னல் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், கமாண்டிங் ஆபீசர் கொடுமைப்படுத்துவதாக நேரே மேலிடத்துக்கு எழுதினார். முறை தவறியதாக 28 நாள் சிறை. 1985இல் அந்தக் காவலில் இருக்கும்போது, சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று மறுநாளே சம்மரி கோர்ட் மார்ஷல். தீர்ப்பளிக்க உட்கார்ந்தவர் யார்? அவர் புகார் சொன்ன அதே அதிகாரி! ஒரு வருடக் கடுங்காவல், பணி நீக்கம். 1987இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. பகை உள்ளவர் நீதிபதியாக இருக்கக் கூடாது, தண்டனையும் குற்றத்துக்கு மிஞ்சியது என்றது.

ஆகையால் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர் பெயர், இவற்றை அன்றைக்கே எழுதி வைக்கவும். கூச்சப்பட்டு "தகாத வார்த்தை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. கூட்டியும் எழுதக் கூடாது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் 56ஆவது பிரிவு, 5 வருடம்.

கோர்ட் மார்ஷல் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்ய, 2007ஆம் வருடச் சட்டத்தின்படி ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2009இல் தொடங்கிய அதன் முதன்மை அமர்வு நமக்குப் பக்கத்தில், ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு.