எடைக்குப் போக இருந்த ரவுட்டர்

எங்கள் வாடகை வீட்டில் இணைய இணைப்பு கீழே கூடத்தில். பிள்ளைகள் படிக்கும் இரண்டு கணினிகளும் மாடியறையில். இரண்டும் பழையவை. வைஃபை கிடையாது, முதுகில் லேன் வயர் சொருகும் இடம் மட்டும் உண்டு. கீழிருந்து வயர் இழுக்கலாமென்றால், சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கைகொடுத்தது பரணில் கிடந்த பழைய ரவுட்டர். அதைப் பாலமாக்கினேன். வீட்டு வைஃபையை செல்போன் எப்படிப் பிடிக்கிறதோ, அப்படியே இந்தப் பெட்டியும் பிடித்து, தன் லேன் துளைகள் வழியே கணினிகளுக்குக் கொடுக்கிறது. கணினிக்கு அது சாதாரண வயர் இணைப்புதான். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேட்டதை அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பாலமோ கேட்டதை வயரில் அனுப்பிவிடுகிறது.

முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை. இரண்டு ரவுட்டருக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி! ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால் எப்படிச் சேரும்? பழையதை 192.168.1.2 ஆக்கினேன். கணினிகளுக்கு எண் வழங்கும் டிஹெச்சிபியையும் அதில் அணைத்தேன். அந்தப் பொறுப்பு கீழே உள்ள ரவுட்டரிடம் மட்டும் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வைக்கும் இடம். மேசைக்கு அடியில் வைத்தபோது மகளின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திக்கி வந்தது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அலையை விழுங்கிவிடும். மாடிப்படி முடியும் இடத்தில், எட்டிப் பார்த்தால் கூடம் தெரிகிற அலமாரி மேல் வைத்தேன். அங்கிருந்து மேசைவரை லேன் வயர். 100 மீட்டர் வரை அந்த வயர் தாங்கும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். எங்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் அறுபடாமல் நின்றது. வகுப்பு இப்போது தடங்கலின்றி நடக்கிறது.

பழைய ரவுட்டரை எடைக்குப் போடும் முன், அதன் அமைப்புப் பக்கத்தில் வயர்லெஸ் பகுதியைத் திறந்து, ‘கிளையன்ட்’ அல்லது ‘பிரிட்ஜ்’ என்று இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றிலும் இருக்காது. இருந்தால், வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் கொடுங்கள். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினால், மறக்காமல் இங்கும் மாற்றிவிடுங்கள்.